படுத்திருப்பவரை வைத்து வாசலை அளப்போம்

2016 அக்டோபர் 25 காலை ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றியது. நோயாளிகள் 6 பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி முகமட் ஹிஷாமுடின் முகமட் யூனுஸ் தலைமையில் சுயேச்சைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. எந்தத் தீவிபத்துக்குப் பிறகும் மின்கம்பியைப் பற்றியும் நீர்த்தெளிப்பானைப் பற்றியும் பேச்சு எழும், எழத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் படுத்திருப்பவர் மணியோசை கேட்டு எழுந்து நடக்க மாட்டார். சுவாசக் கருவியோடும் குழாய்களோடும் சேர்த்து அவரை இன்னொருவர்தான் நகர்த்த வேண்டும். இது பணிச்சூழலியல் சார்ந்த கேள்வி. பணிச்சூழலியல் என்றதும் நாற்காலி உயரமும் முதுகுவலியும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனித உடலால் என்ன முடியும் என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ப இடத்தை அமைப்பதுதான் அதன் உயிர். முதியோர் இல்லம், கிளினிக், தொழிலாளர் விடுதி என எதை நடத்தினாலும், அங்கே இருப்பவர்களில் மிக மெதுவாக நகர்பவரை வைத்தே வெளியேறும் திட்டத்தை எழுத வேண்டும்.

முதல் வேலை, பெயர்ப் பட்டியல். தானாக நடப்பவர், கைபிடித்தால் நடப்பவர், தூக்கினால்தான் நகர்பவர் என்று பிரித்து எழுதுங்கள். காது கேளாதவரையும் தூக்க மாத்திரை எடுப்பவரையும் தனியே குறியுங்கள். பக்கத்திலேயே இரவுப் பணியில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். 12 பேர் தூங்கும் வீட்டில், தூக்கினால்தான் நகர்பவர் 5 பேர், இரவில் பணியாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒருவர் 5 முறை புகைக்குள் போய்வர வேண்டும். கணக்கு அங்கேயே உதைக்கிறது. உடனே கூடுதல் ஆள் போட முடியாவிட்டால், நகர முடியாதவர்களைத் தரைத்தளத்தில், வெளிக்கதவுக்கு அருகில் படுக்க வையுங்கள். மாடி அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கலாம். படிக்கட்டில் ஒருவரைத் தூக்கி இறக்க, பழகிய இருவருக்கே மூச்சு வாங்கும்.

அடுத்து, அளவுநாடா. கட்டிலின் அகலத்தையும் கதவின் அகலத்தையும் அளந்தால் போதாது. கட்டிலை உண்மையிலேயே தள்ளிப் பாருங்கள். நேர்க்கதவில் நுழையும் கட்டில் நடைவழியின் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். நடைவழியில் நிறுத்திய சக்கர நாற்காலியும் அடுக்கிய அட்டைப்பெட்டியும் அப்போதுதான் கண்ணில் படும். கட்டில் போகாத இடத்தில் மெத்தையோடு தரையில் இழுப்பதே வழி. அதற்கான வார்களை மெத்தைக்கு அடியில் முன்கூட்டியே கட்டி வையுங்கள். மருத்துவமனைகளில் எல்லாரையும் நேரே கீழே இறக்குவதைவிட, முதலில் அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் நகர்த்துவதை வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்தக் கதவு தானாக மூடினால்தான் புகை அப்பால் போகாது. காற்று வரட்டும் என்று அதன் அடியில் ஆப்பு செருகும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

இனி, கிரில். திருட்டுப் பயத்தில் சன்னலுக்கெல்லாம் கிரில் போடுகிறோம், கதவையும் உள்ளிருந்து பூட்டுகிறோம். அந்தப் பயம் பொய்யில்லை. கிரிலை அகற்றச் சொன்னால் யாரும் கேட்கப் போவதுமில்லை. ஆனால் 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டின் தாஃபிஸ் (குர்ஆன் மனனப்) பள்ளியில் தீப்பிடித்தபோது, மாணவர்கள் தூங்கிய அறையின் சன்னல்கள் கிரிலால் அடைபட்டிருந்தன. 23 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள். உள்ளிருந்து சாவியின்றிக் கையால் திறக்கும் தாழ்ப்பாள் வைத்த கிரில் திருடனையும் தடுக்கும், ஆளையும் விடும். ஒவ்வொரு தூங்கும் அறையிலும் ஒரு சன்னலாவது அப்படித் திறக்கட்டும். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கும் கையால் திறக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

ஒத்திகை நடத்தினால் முதியவர்கள் கலவரப்படுவார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். பல தீவிபத்துகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: மக்கள் வெறிபிடித்து ஓடுவதைவிட, மணி அடித்தும் நம்பாமல் நேரம் கடத்துவதே அதிகம். வெளியேறும்போதும், தாங்கள் உள்ளே வந்த வாசலையே தேடிப் போகிறார்கள். ஆகவே ஒத்திகையைத் தவிர்க்காதீர்கள், பின்வாசலையும் அன்றாடம் பயன்படுத்த வையுங்கள். மாலை நடை அந்த வழியாகவே போகட்டும். ‘கெலுவார்’ (வெளியேறு) என்ற பச்சைப் பலகை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ புதிதாக வந்த தொழிலாளருக்கு வழியை நடந்தே காட்டுங்கள்.

செலவு என்ற மறுப்பும் வரும். நீர்த்தெளிப்பானுக்கும் புதுக் கதவுக்கும் பணம் வேண்டும்தான். பட்டியலுக்கும் அளவெடுப்பதற்கும் படுக்கையை இடம் மாற்றுவதற்கும் ஒரு நாள் உழைப்பு போதும். மலேசியாவின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி 5 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள முதலாளி ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். அவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுங்கள். புதியவர் ஒருவர் சேர்ந்தாலோ, நடந்துகொண்டிருந்தவர் படுக்கையில் விழுந்தாலோ அன்றே திருத்தி, இரவுப் பணியாளர் கையெழுத்திடும் ஏட்டின் முதல் பக்கத்தில் ஒட்டட்டும். 999 என்ற எண்ணையும், தீயணைப்பு வண்டிக்குச் சொல்ல வேண்டிய முழு முகவரியையும் அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.