நடந்தால் வரும்... நின்றால் போகும்!

நண்பர்களே, ஒரு விடுகதை. நடந்தால் வரும், நின்றால் போகும். அது என்ன?

கடைத்தெருவுக்குப் போகிற வழியில் நம் அப்பாவோ பெரியப்பாவோ கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த வலிதான்! சில நிமிடம் நின்றால் போய்விடும். ஏறக்குறைய அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். "வயசாச்சுப்பா, வாதம்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். நாமும் தைலப் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால் இப்படி வந்து போகிற வலி, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது தசைக்குக் கொஞ்சம் இரத்தம் போதும். நடந்தால் பல மடங்கு வேண்டும். அடைபட்ட குழாய் அதைத் தர முடியாமல் திணறுகிறது.

பாய்சொய் விதி நினைவிருக்கிறதா? குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, 16-ல் ஒரு பங்காகிவிடும். உடம்புக் குழாய் அப்படியே சூத்திரத்துக்கு அடங்காதுதான். ஆனாலும் கொஞ்சம் சுருங்கினால் எவ்வளவு நஷ்டம் என்பது புரியும். (அந்தப் பாய்சொய் ஒரு டாக்டர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது!)

குழாயை அடைப்பதில் முதல் குற்றவாளி பீடி, சிகரெட். அடுத்து சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு. இது கிழவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1908-ல் லியோ பர்ஜர் என்ற டாக்டர் விவரித்த 'பர்ஜர் நோய்', புகை பிடிக்கும் இளவயதினரைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. நம் நாட்டில் பீடி குடிப்பவர்களிடம் அதிகம் காணப்படுவது. ஒர்க்‌ஷாப் பின்னால் 'தம்' அடிக்கப் போகும் நண்பர்கள் கவனிக்க!

எல்லாக் கால்வலியும் இதுவல்ல. நின்றால் போகாமல், உட்கார்ந்தோ குனிந்தோ இருந்தால்தான் குறைகிறது என்றால் முதுகெலும்பைச் சந்தேகிக்கலாம். சாயங்காலம் கால் கனத்து வீங்கி, தூக்கி வைத்தால் சுகமாக இருந்தால் அது சிரைக் கோளாறாக இருக்கலாம். தமனி அடைப்பு முற்றினால் நேர்மாறு: படுத்தால் பாதம் வலிக்கும், கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறையும். ராத்திரியெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவரை உடனே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். பாதம் சில்லிட்டுப் போவது, முழங்காலுக்குக் கீழே முடி உதிர்வது, விரல் புண் ஆறாமல் கிடப்பது எல்லாமே எச்சரிக்கை மணிதான். சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மரத்து வலியே தெரியாமலும் போகும். மரத்த காலில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் போட்டு, அதுவே ஆறாத புண்ணாகிவிடும்.

பரிசோதனை சுலபம். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கையில் 120, காலில் 72 என்றால் விடை 0.6. பொதுவாக 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. (சர்க்கரைக்காரருக்குத் தமனி சுண்ணாம்பேறி இறுகியிருந்தால் கணக்கு ஏமாற்றும்; வேறு சோதனை தேவைப்படும்.)

சிகிச்சையில் முதல் மருந்து புகையை அடியோடு நிறுத்துவது. இரண்டாவது, நம்புங்கள், நடப்பது! டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாளாவது, அரைமணி முக்கால் மணி நேரம். மூன்று மாதத்தில் பலருக்கு நடக்கும் தூரம் கூடுகிறது. கூடவே இரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்புக்கும் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் பலூன் சிகிச்சை அல்லது பைபாஸ்.

1964 ஜனவரியில் அமெரிக்காவில் 82 வயதுப் பாட்டி ஒருவருக்குக் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், குழாய்க்குள் குழாய் செலுத்தி அடைப்பை விரித்தார். பாட்டி கடைசிவரை சொந்தக் காலிலேயே நடந்தார். பிளம்பர் மூளை!

நம் ஊரிலும் வசதி இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை உண்டு. வெளியூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டினால் எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. திடீரென்று ஒரு கால் மட்டும் தாங்க முடியாமல் வலித்து, வெளுத்து, ஐஸ் மாதிரி சில்லிட்டு, மரத்துப் போனால் காலைக் காப்பாற்றக் கிடைப்பது சில மணி நேரம்தான். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.