தேனில் பூச்சிமருந்து எச்சம்: அதனைக் கண்டறியும் முறை

நீலகிரியில் தேன் இரு வழிகளில் கிடைக்கிறது. குறும்பர், இருளர் முதலிய மலைமக்கள் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் உள்ள மலைத்தேனீ அடைகளை அறுத்து எடுப்பது ஒன்று. பெட்டியில் அடுக்குத் தேனீ வளர்ப்போர் எடுப்பது மற்றொன்று. இரண்டையும் தூய மலைத்தேன் என்று நம்பியே மக்கள் வாங்குகின்றனர். ஆயினும் காட்டை அடுத்துத் தேயிலை, உருளைக்கிழங்கு, காரட், கோசுத் தோட்டங்கள் இருக்கின்றன. தேனீ வேலியை அறியாது. ஒருவர் தெளித்த மருந்து மற்றொருவருடைய தேனில் காணப்படலாம்.

இது நம் மலைக்கு மட்டும் உரிய கவலையன்று. உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற 198 தேன் மாதிரிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, 100-க்கு 75 மாதிரிகளில் நியோனிகோட்டினாய்டு வகை மருந்து ஒன்றேனும் இருந்தது. பெரும்பாலானவற்றில் அதன் அளவு உணவுக்குரிய வரம்பைத் தாண்டவில்லை.

வரம்பு எவ்வளவு நுண்ணியது என்பதை முதலில் அறிவோம். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு நம் நாட்டு உணவு விதி பொதுவாக வகுத்தது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 1,000 கிலோ தேனில் 10 மில்லிகிராம். இதனை நாக்கோ மூக்கோ அறியாது, ஆய்வுக்கூடமே அறியும்.

சோதனை நடைபெறும் விதம்

2003-இல் வெளியான 'கேட்சர்ஸ்' என்னும் முறை இன்று பரவலாக வழங்குகிறது. அதன் படிகள் வருமாறு:

1. சிறிதளவு தேனை நீரில் கரைத்து, அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவர்.

2. மக்னீசியம் சல்பேட்டும் சோற்றுப்பும் இடுவர். நீர் வேறாகவும் கரைப்பான் வேறாகவும் பிரியும். சர்க்கரை நீரோடு தங்க, மருந்து கரைப்பானுக்குச் செல்லும்.

3. அக்கரைப்பானில் எஞ்சிய அமிலம், சர்க்கரை முதலியவற்றை உறிஞ்சும் பொடியிட்டு நீக்குவர்.

4. தெளிந்த நீர்மத்தை நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துவர். வெப்பத்தால் ஆவியாகும் மருந்துகளை வாயுக் கருவியும், இமிடாகுளோப்ரிட் போன்றவற்றைத் திரவக் கருவியும் பிரிக்கும். பிரிந்து வரும் மூலக்கூறுகளை நிறைமானி உடைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு இன்ன மருந்து, இவ்வளவு என்று காட்டும்.

தேன்மெழுகுக்கு இது மட்டும் போதாது. கொழுப்பில் கரையும் மருந்துகள் மெழுகில் நெடுநாள் தங்கும். ஆதலால் சாற்றைக் குளிரச் செய்து மெழுகை உறையவைத்து நீக்கிய பின்னரே அளப்பர். மகரந்தத்தில் எச்சம் தேனினும் மிகுதியாக இருப்பதுண்டு. எனவே மகரந்தமும் மெழுகும் கலக்கும்படி அடையைப் பிழிந்தெடுப்பதைவிட, தேன் பகுதியை மட்டும் அறுத்துத் தானே வடியவிடுவது நன்று.

முடிவைப் படிக்கும் முறை

'காணப்படவில்லை' என்று சான்றிதழ் கூறினால், எம்மருந்தும் இல்லை என்பது பொருளன்று. பட்டியலிலுள்ள மருந்துகள் கருவி அளக்கும் எல்லைக்கு மேல் இல்லை என்பதே பொருள். கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லி மேற்கூறிய முறையில் அகப்படாது. அதற்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும். கலப்படச் சோதனையும் வேறு. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சத்திற்கான ஆய்வுக்கூடம் உண்டு. எங்கு அனுப்பினும் மருந்துப் பட்டியலை முன்னரே கேட்டுப் பெறுக.

நம் கடமை

பத்து அங்கத்தினர் ஆளுக்கு 20 கிலோ தேன் கொணர்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் தேனில் மட்டும் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் மருந்து உளது. அனைத்தையும் ஒரே பீப்பாயில் ஊற்றினால் கலவை 0.02 ஆகி, பத்துப் பேர் தேனும் தள்ளப்படும். அவர் தேனில் இருப்பது 0.08 ஆயின், கலவை 0.008 ஆகித் தேறிவிடும். குற்றமோ மறைந்து நிற்கும். ஒன்று நட்டம், மற்றொன்று வாங்குவோருக்குச் செய்யும் வஞ்சனை.

ஆகவே கலக்கும் முன்னரே ஒவ்வொருவர் தேனிலிருந்தும் தூய கண்ணாடிப் புட்டியில் மாதிரி எடுத்து, இடம், எடுத்த நாள், அண்டைப் பயிர், தெளித்த மருந்து ஆகியவற்றை எழுதி முத்திரையிட வேண்டும். இணை மாதிரி ஒன்று சங்கத்தில் இருத்தல் வேண்டும். மருந்து தெளித்த கையோடும், மருந்து இருந்த டப்பாவோடும் தேனருகே செல்லலாகாது. பயிரிடுவோர் பூக்கும் பருவத்தில் தெளிப்பதைத் தவிர்த்து, தவிர்க்க இயலாதபோது தேனீ அடங்கிய மாலையில், அண்டையிலுள்ள தேனீ வளர்ப்போருக்கு முன்னறிவித்துத் தெளிப்பாராக.

ஆய்வுக்கூடம் நஞ்சைக் காட்டும், அதனை நீக்காது. நீக்குவது தோட்டத்திலும் அடையிலும் நாம் செய்யும் வேலையே.