இளவேனிலில் மலரும் பறவையும் – நிழற்படக் கலை பற்றிச் சில குறிப்புகள்

சித்திரை பிறந்ததும் தாம்பரத்துச் சாலையோரங்களில் கொன்றை பொன் சரங்களைத் தொங்கவிடுகிறது. அங்கிருந்து வேளச்சேரி சாலையில் சென்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மலரையும் நீர்ப்பறவையையும் ஒரே காலைப் பொழுதில் படம் பிடிக்க இதனினும் ஏற்ற இடம் வேறு வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே முறையில் அணுகுதல் ஆகாது.

முதலில் மலர். உச்சி வெயிலில் கொன்றையின் மஞ்சள் வெளிறிப் போகும். இதழின் மடிப்புகள் தெரியா. காலை இளவெயிலோ, மேகம் மூடிய வேளையோ நன்று. காற்றில் சரம் ஆடுமாதலால் 1/250 நொடிக்குக் குறைந்த நேரமே ஒளி புகவிடல் வேண்டும். மலரை எவ்வளவு நெருங்கினாலும் அதற்குத் தீங்கில்லை.

அடுத்துப் பறவை. பவளக்கால் உள்ளானை எடுத்துக்கொள்வோம். வெள்ளை உடல், கறுத்த இறகு, நீண்ட சிவந்த கால்கள். கருநீர்ப் பரப்பின் நடுவே நிற்கும் வெள்ளையைக் கருவி தன் போக்கில் அளந்தால் இறகின் நுணுக்கம் அழிந்துவிடும்; ஆதலின் ஒளியைச் சற்றுக் குறைத்துக்கொள்க. கருவியைத் தாழ்த்திப் பறவையின் கண்மட்டத்தில் வைத்தால் படத்தில் உயிர் இருக்கும். நடக்கும் பறவைக்கு 1/500 நொடியும் பறக்கும் பறவைக்கு 1/1000 நொடியும் பொருந்தும்.

வண்ணம் இன்றியமையாததன்று. சென்னையில் வாழ்ந்த இயற்கையியல் அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே புகழ் பெற்றார்.

இனிக் கூற வருவதே தலையாயது. உள்ளான் கோடையில் ஆழமற்ற நீரோரத்தில், தரையிலேயே கூடு கட்டி, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. நாம் நெருங்கினால் தாய் எழுந்துவிடும். சித்திரை வெயிலில் முட்டைகள் வெந்து போகலாம். பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் அது காட்சியன்று, முறையீடு. அப்பொழுதே பின்வாங்குதல் நம் கடமை.

குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் சுருங்கிய இச்சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இச்சதுப்பு நிலம் இடம்பெற்றது. எஞ்சியதைக் காப்பது சட்டம் மட்டுமன்று.

மாணவ நண்பர்களே, மலரிடம் நெருங்குங்கள். பறவையிடம் விலகி நில்லுங்கள். எடுக்காமல் விட்ட ஒரு படம் நான்கு குஞ்சுகளாக வளர்ந்து நிற்குமெனில், அதுவே நம் தொகுப்பில் சிறந்த படமாகும்.