ஸ்டார் இல்ல, மெஷ்

நெட்வொர்க்ஸ் பேப்பர்ல டோபாலஜி எல்லாரும் படிச்சிருப்போம். ஸ்டார் டோபாலஜியில் நடுவில் ஒரு ஹப், மற்ற எல்லா கணினிகளும் அதோடு மட்டும் இணைந்திருக்கும். ஆறு கணினிக்கு ஆறு கேபிள் போதும். ஃபுல் மெஷ் என்றால் ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் இணையணும்: 6 × 5 ÷ 2 = 15 கேபிள். செலவு அதிகம். ஆனா ஹப் செத்தா ஸ்டார் மொத்தமும் செத்துடும், மெஷ் சாகாது. ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்னு நினைச்சேன்.

நான் பிடிஎஸ் ரசிகை. (சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, காத்திருக்கேன்.) அந்த ஏழு பேர் என்ன சாப்பிடுவாங்கன்னு கூட எனக்குத் தெரியும். நான் ஒருத்தி இருக்கேன்னே அவங்களுக்குத் தெரியாது. இந்த ஒருபக்க நெருக்கத்துக்கு 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் பெயர் வைத்துவிட்டார்கள்: பாராசோஷியல் உறவு. அவர்கள் ஆராய்ந்தது டிவி, ரேடியோ நேயர்களை. அது சுத்தமான ஸ்டார் டோபாலஜி.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துல இருந்து எட்டாவது படிக்கிற மூன்று பிள்ளைகள் பிடிஎஸ்ஸைப் பார்க்க வீட்டை விட்டுக் கிளம்பின செய்தி ஞாபகம் இருக்கா? கையில் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய் கப்பலில் கொரியா போவது திட்டம். சென்னை வரை வந்து, மனசு மாறித் திரும்பும்போது காட்பாடியில் மீட்டாங்க. எல்லாரும் மீம் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. "பாஸ்போர்ட் இல்லாம எப்படிடீ?"ன்னு கேட்க ஒரு அக்கா பக்கத்துல இருந்திருந்தா போதுமேன்னு தோணுச்சு.

எனக்கு அப்படி ஐந்து பேர் கிடைச்சாங்க. 2021-ல், இரண்டாவது கோவிட் அலையில், இந்திய ரசிகர்கள் ஒரே நாளில் 20 லட்சத்துக்கு மேல் நிவாரண நிதி திரட்டியதாகச் செய்தி வந்தப்போதான் நாங்க ஆறு பேரும் ஒரு குரூப்பில் சேர்ந்தோம். ஆரம்பத்தில் பேச்செல்லாம் பாட்டுதான். அப்புறம் அரியர், பீரியட்ஸ் வலி, அப்பாவோட சண்டை, இன்டர்வியூக்கு எந்தச் சுடிதார். 2022 ஜூனில் பிடிஎஸ் குழுவாக இயங்குவதைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. டிசம்பரில் ஜின் ராணுவத்துக்குப் போனார். அதாவது ஹப் ஆஃப். குரூப் ஆஃப் ஆகல.

ஆனா எங்க மெஷ்ல ஒரு ஓட்டை இருந்தது. ஒரு ரிசல்ட் நாள், ராத்திரி ரெண்டு மணி. நாகர்கோவில்காரி "போதும்டி எல்லாம்"னு எழுதிட்டு போனை ஆஃப் பண்ணிட்டா. ஐந்து பேரும் முழிச்சிருக்கோம். அவளோட உண்மையான பெயர் கூட யாருக்கும் சரியாத் தெரியல. ஐடி 'மோச்சி', டிபியில் ஜிமின். அவ்வளவு பேசியிருக்கோம், ஒரு போன் நம்பர் கிடையாது! கடைசியில் ஒருத்திக்கு ஞாபகம் வந்தது. பர்த்டேக்கு போட்டோகார்டு கூரியர் அனுப்பினப்போ அவ கொடுத்தது அப்பா நம்பர். ரெண்டு இருபதுக்கு அவரை எழுப்பினோம். பதறிப்போய் அவ ரூமுக்கு ஓடினார். உட்கார்ந்து அழுதுட்டு இருந்தாளாம்.

மறுநாள் ஒரு முடிவு எடுத்தோம். ஒவ்வொருத்தியோட வீட்டு நம்பரும் குரூப்பில் ரெண்டு பேர்கிட்டயாவது இருக்கணும். 14416, அதாவது டெலி மானஸ், பின் பண்ணி வச்சோம். இருபத்திநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நாங்க கவுன்சிலர்கள் இல்லை. நடுராத்திரி ஆறுதல் சொல்லத் தெரியும், அதுக்கு மேல என்ன பண்ணணும்னு தெரியாது.

போன வருஷம் மோச்சிக்கு கிண்டியில் இன்டர்வியூ. காலை நாலரைக்கு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நானும் அம்மாவும் காத்திருந்தோம். அம்மாவைக் கூட்டிட்டுப் போனது பாதுகாப்புக்காக. முதல் தடவை நேரில் பார்க்கிறவங்களை அப்படித்தான் பார்க்கணும், அவளும் அப்பாவோடதான் வந்தா. கூட்டத்தில் 'மோச்சி'ன்னு கத்தினேன். நாலு பேர் திரும்பினாங்க, அதில் ஒருத்தி அவ.

ஊரப்பாக்கத்தில் எங்க வீட்டில் குளிச்சு, இட்லி சாப்பிட்டு, எலக்ட்ரிக் ட்ரெயினில் கிளம்பினா. அம்மாவுக்கு அந்தப் பெயர் மட்டும் பிடிபடவே இல்லை. இன்னிக்கும் போன் வந்தா "மொச்சை எப்படி இருக்கா?"ன்னுதான் கேட்பாங்க.