சித்திரையில மனை பார்க்காதே தங்கச்சி!

ஒரத்தநாட்டுல மனை பார்க்கப் போறியா? பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, கிழக்குப் பார்த்த வாசல், நாத்தனார் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. இதுதானே உன் கணக்கு? பாதிதான் சரி. பகல் முழுக்க அந்த வீட்டுல இருக்கப்போறது யாரு? அதைச் சொல்லு முதல்ல.

நம்ம பக்கம் சிங்கப்பூர்ப் பணத்துல எழும்பின வீடுகளைப் பாரு. மாடி பூட்டியே கிடக்கும். கீழே முட்டிவலியோட அம்மா மட்டும் இருப்பாங்க. பாத்ரூம் போக ரெண்டு படி இறங்கணும். பணம் அனுப்புறவன் வருஷத்துக்கு ஒரு மாசம் வருவான், மீதி 11 மாசம் இருக்கிறவங்களுக்காக வீட்டைப் பாரு.

1. கார்த்திகையில போய்ப் பாரு. நாங்க சித்திரையில பார்த்து ஏமாந்தோம். தரை வெடிச்சுக் காஞ்சு கிடந்துச்சு. தரகர் "மேட்டு மனைம்மா"ன்னார், நம்பிட்டோம். அந்தக் கார்த்திகையில வாசல்ல முழங்கால் தண்ணி. அப்புறம் 18 லோடு மண் அடிச்சோம்.

1934-ல மேட்டூர் அணையோட புது ஆறுங்கிற பாசனக் கால்வாயும் வந்துதான் இந்தப் பக்கம் நெல் வயல் பெருகுச்சு. கிளை வாய்க்கால், ஏரி, வடிகால்னு தண்ணி போற வழி எங்கேயும் இருக்கு. வயலை மனையாக்கறவங்க வாய்க்காலைத் தூர்த்துட்டுக் கல் நட்டுடுவாங்க. ஆனா மழைத் தண்ணி பழைய வழியிலதான் வரும்.

மழை வரைக்கும் காத்திருக்க நேரம் இல்லையா?
- பக்கத்து வீட்டுச் சுவர்ல ஈரக்கறை எந்த உயரத்துல நிக்குதுன்னு பாரு.
- அந்தத் தெருவுல மாடு வச்சிருக்கிற ஆத்தாகிட்ட, "மழைக்கு மாட்டை எங்கே கட்டுவீங்க?"ன்னு கேளு. தரகர் சொல்லாததை அவங்க சொல்லிடுவாங்க.
- புலப்படம் வாங்கிப் பாரு. வாய்க்காலும் வண்டிப்பாதையும் அதுல இருக்கும்.

2. மண்ணைக் கையில எடுத்துப் பாரு. இங்கே செம்மண்ணும் உண்டு, களியும் உண்டு. களி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், மேலே சுவர் விரிசல் விடும். களியா இருந்தா அஸ்திவாரச் செலவு கூடும். அந்தப் பணத்தை மனை விலையோட கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் "சல்லிசு"ன்னு சொல்லு.

3. 108 வண்டி வாசலுக்கு வருமா? பெரிய வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான், 20 கிலோமீட்டருக்கு மேல. முடுக்குக்குள்ள வீடு வாங்கிட்டு ராத்திரியில மாமியாரைக் கட்டிலோட தூக்கிட்டு ஓட முடியாது. சிமெண்ட் லாரி நுழையாத சந்துல கட்டுறதுக்கும் கூலி ரெட்டிப்பாகும்.

4. குழியா, சென்டா? வாய் வார்த்தைக்குத் தலையாட்டாதே. ஒரு குழி 144 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது மூணு குழிக்குக் கொஞ்சம் மேல. விலை எதுக்குன்னு கேட்டு, காகிதத்துல எழுதி வாங்கு.

5. காகிதத்தைச் சோம்பல் படாம பாரு. 30 வருஷ வில்லங்கம் போடு. கூட்டுப் பட்டான்னா எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போடணும். வெளிநாட்டுல இருக்கிற அண்ணன் "அப்புறம் போடுறேன்"னா நீயும் அப்புறமே பணம் கொடு. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கான்னு கேளு. அங்கீகாரம் இல்லாத மனைகளோட பதிவை 2016-ல உயர் நீதிமன்றம் நிறுத்தி, 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தக் குழப்பத்துல மாட்டின மனைகள் இன்னும் விலைக்கு வருது.

ஒத்திக்குப் போனாலும் வில்லங்கம் பாரு. வீட்டு மேல பேங்க் கடன் இருந்து அது ஜப்திக்குப் போனா உன் ஒத்திப் பணம் நடுவுல நிக்கும்.

6. தென்னை எவ்வளவு தூரத்துல இருக்கு? 2018 நவம்பர் 16 விடியல்ல கஜா புயல் அடிச்சது மறந்துடுச்சா? ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாத் தென்னை சாஞ்சுது. ஓடும் ஷீட்டும் பறந்துச்சு. கரண்ட் வரவே நாள் கணக்காச்சு. அதனால ஒரு அறைக்காவது கான்கிரீட் கூரை இருக்கணும். மோட்டார் ஓடாட்டாலும் தண்ணி எடுக்கக் கைப்பம்போ கிணறோ எட்டுற தூரத்துல இருக்கணும். வடக்கு வாசலா, தெற்கு வாசலான்னு அப்புறம் சண்டை போடு.

"ரயில் வரப்போகுது, விலை ஏறிடும்"னு சொல்வாங்க. தண்டவாளம் போட்ட பிறகு அந்த விலையைப் பேசிக்கலாம், இப்ப இன்னிக்கு விலையைக் கொடு.

இன்னொண்ணு, உன் பேர்ல எழுதச் சொல்லு. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைக்கும் வீடோ மனையோ வயலோ பெண் பேர்ல பதிஞ்சா, 2025 ஏப்ரல்லேர்ந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. வீட்டுக்காரர் முகம் சுளிச்சா இந்தக் கணக்கைக் காட்டு. பத்திரம் எழுதப் போறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடு, நானும் கூட வர்றேன்.