எம்.எஸ். போன அண்ணன் சொல்லாதது

அமெரிக்கப் படிப்பு என்றால் நம் வீடுகளில் ஒரே ஒரு பாதைதான் தெரியும். ஜிஆர்இ, வங்கிக் கடன், எஃப்-1 விசா, இரண்டு வருட எம்.எஸ்., அப்புறம் ஓபிடி, ஹெச்-1பி குலுக்கல். தெருவுக்கு ஒரு அண்ணன் அந்த வழியில் போயிருக்கிறார். அதனால்தான் மூன்றாம் ஆண்டு பி.இ. படிக்கும் பெண் "எங்க காலேஜ்ல இருந்து ஒரு செமஸ்டர் மட்டும் எக்ஸ்சேஞ்ச்ல போகலாமாம்ப்பா" என்று ஆரம்பித்ததும் அந்த அண்ணனுக்கு போன் போகிறது. அவரும் ஆசையாக அரை மணி நேரம் பேசுகிறார். அவர் சொல்வதெல்லாம் அவர் அனுபவித்த உண்மை. இந்தப் பெண்ணுக்கு அதில் பெரும்பகுதி பொருந்தாது.

எக்ஸ்சேஞ்ச் மாணவர் போவது பெரும்பாலும் ஜே-1 விசாவில். அந்த விசாவுக்குப் பின்னால் இருப்பது 1961-ல் வந்த ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம். வெளிநாட்டவர் வந்து படித்துப் பழகிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்ப வேண்டும், அதனால் இரு தரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். திரும்பி வருவது இதில் முதல் நாளிலிருந்தே பேசி வைத்த விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஊரில் உலவும் பாதிச் சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும். மீதியைப் பார்ப்போம்.

"எக்ஸ்சேஞ்ச்தானே, எல்லாம் இலவசம்"

டியூஷன் கட்டணம் மட்டும்தான் மிச்சம், அதுவும் சரியான ஒப்பந்தமாக இருந்தால். இங்கிருந்து போகிறவர் தன் கல்லூரியிலேயே பணம் கட்டிவிட்டுப் போகிறார். அங்கிருந்து வருகிறவர் அங்கேயே கட்டிவிட்டு வருகிறார். ஆள் இடம் மாறுகிறார், பணம் மாறுவதில்லை. 1979-ல் தொடங்கப்பட்ட ஐஎஸ்இபி அமைப்பின் பரிமாற்றத் திட்டத்தில் தங்குமிடமும் சாப்பாடும்கூட இதே கணக்கில் சேரும்.

ஆனால் 'செமஸ்டர் அப்ராட்' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. இரண்டாவது வகையில் உங்களுக்கு 'விசிட்டிங் ஸ்டூடன்ட்' என்று பெயர். அமெரிக்கக் கட்டணத்தை நீங்களே கட்ட வேண்டும். நோட்டீஸ் போர்டில் இரண்டுக்கும் சிரித்த முகங்களோடு ஒரே மாதிரி போஸ்டர்தான் இருக்கும். "டியூஷன் வெய்வர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் லட்சக்கணக்கில் போகும்.

டியூஷன் கழிந்தாலும், ஐஎஸ்இபி மாதிரித் திட்டம் இல்லையென்றால் விடுதியும் மீல் பிளானும் உங்கள் பொறுப்பு; விமான டிக்கெட் எப்படியும் உங்கள் பொறுப்பு. விசாக் கட்டணம் 185 டாலர், ஜே-1 மாணவருக்கான செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 220 டாலர். பலர் கோட்டைவிடும் இடம் காப்பீடு. ஜே-1-க்கு விதியே இருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக ஊருக்கு அனுப்ப 50,000 டாலர், இறந்துபோனால் உடலைக் கொண்டுவர 25,000 டாலர், நாம் கையிலிருந்து போடும் தொகை ஒரு முறைக்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. விமான டிக்கெட்டோடு சேர்த்துத் தள்ளிவிடும் டிராவல் பாலிசியில் இவையெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காமல் தங்கள் திட்டத்தையே வாங்க வைத்துவிடும்.

"ஜே-1-ல் போனால் இரண்டு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது"

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பாதி கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, எல்லா ஜே-1-க்கும் கிடையாது. அரசாங்கப் பணத்தில் போனவர்கள், அங்கே மருத்துவப் பயிற்சிக்குப் போனவர்கள், தங்கள் நாட்டுக்குத் தேவை என்று பட்டியலிட்ட துறைகளில் போனவர்கள் ஆகியோருக்குத்தான். இந்த மூன்றாவது பட்டியல்தான் நம் பொறியியல் மாணவர்களை வெகுகாலம் பயமுறுத்தி வந்தது. 2024 டிசம்பர் 9 முதல் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இலங்கையும் இல்லை.

விதி பொருந்துகிறவருக்கும்கூட ஹெச், எல் வகை வேலை விசா, திருமணத்துக்காகப் போகிறவருக்கான கே விசா, கிரீன் கார்டு ஆகியவைதான் தடை. மறுபடி எஃப்-1-ல் எம்.எஸ். படிக்கப் போகலாம், சுற்றுலாவும் போகலாம். ஜே-1-க்கான தகுதிச் சான்றாக உங்களுக்கு வரும் டிஎஸ்-2019 படிவத்தின் கீழ்ப்பகுதியில் இந்த விதி உங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு கட்டம் இருக்கும். விசா கிடைத்ததும் கோவிலுக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் படித்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆசாமிகளும் உண்டு. "போனதும் அப்படியே டிகிரியா மாத்திக்கலாம்" என்பார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்காத விருந்தாளி. அங்கே சேர வேண்டுமென்றால் எல்லோரையும் போல விண்ணப்பித்து, கட்டணம் கட்டித்தான் சேர வேண்டும். படிப்பு முடிந்த பிறகு நாட்டில் இருக்க 30 நாள் அவகாசம்; அதற்குள் ஊர் சுற்றலாம். அண்ணனுக்குக் கிடைத்த 60 நாள் எஃப்-1 கணக்கு. விசா நேர்காணலில் "அப்புறம் அங்கேயே பார்த்துக்கலாம்" என்ற தொனி லேசாக வந்தாலும் காரியம் கெட்டுவிடும். 2025 ஜூனிலிருந்து சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

"செலவுக்கு பார்ட் டைம் வேலை பார்த்துக்கலாம்"

செமஸ்டர் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம், வளாகத்துக்குள், ஜே-1 பொறுப்பு அதிகாரி எழுத்தில் அனுமதி தந்த பிறகு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலை. அதற்குமேல் சோஷியல் செக்யூரிட்டி எண் வர வேண்டும். வேலை தேடி, எண் வாங்கி, முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் மிட்டெர்ம் முடிந்திருக்கும். மொத்த செமஸ்டரே நான்கு மாதத்துக்குள்தான். வெளியே உணவகத்தில் 'கேஷ்' வாங்கிக்கொண்டு வேலை செய்வது விசா நிலையையே பறித்துவிடும். அண்ணன் செய்தார், ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு ஜூன் 15-க்குள் 8843 என்ற படிவத்தை அமெரிக்க வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஊருக்கு வந்த பிறகு இதை நினைவில் வைத்திருப்பவர் அபூர்வம்.

"அங்கே படிப்பு ஈஸி, அட்டென்டன்ஸே கிடையாது"

முந்நூறு பேர் உட்காரும் பெரிய வகுப்பில் பெயர் கூப்பிட மாட்டார்கள் என்பது நிஜம். அதைப் பார்த்துவிட்டு வந்த பேச்சு இது. முதல் வகுப்பில் தரும் சிலபஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் சிலபஸில் ஐந்து யூனிட்டும் பாடநூல் பட்டியலும் இருக்கும். அங்கே அது ஏறக்குறைய ஒரு ஒப்பந்தப் பத்திரம். வாராந்திர வீட்டுப்பாடத்துக்கு 25 சதவீதம், இரண்டு மிட்டெர்முக்கு இருபது இருபது, வகுப்பில் பேசுவதற்கு 10, கடைசித் தேர்வுக்கு 25 என்கிற ரீதியில் பிரித்திருக்கும். எந்தத் தேதியில் எதைப் படித்துவிட்டு வர வேண்டும், தாமதமாகக் கொடுத்தால் நாளுக்கு எவ்வளவு வெட்டு என்பது வரை அதில் இருக்கும். கடைசி மூன்று நாள் ஸ்டடி ஹாலிடேயில் கேள்வி வங்கியைப் புரட்டித் தேறும் வித்தை அங்கே பலிக்காது. கடைசித் தேர்வுக்கு வருவதற்குள் முக்கால் மதிப்பெண் முடிவாகியிருக்கும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் அல்ல. நண்பனின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுவது இங்கே நட்பின் இலக்கணம். அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணம். பேராசிரியர் வாரத்தில் குறிப்பிட்ட நேரம் தன் அறையில் மாணவருக்காகவே உட்கார்ந்திருப்பார். 'ஆபீஸ் ஹவர்ஸ்' என்று பெயர். தப்பு செய்தவன்தான் ஸ்டாஃப் ரூமுக்குப் போவான் என்று பழகியவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. பிற்காலத்தில் எம்.எஸ்.-க்கு விண்ணப்பிக்கும்போது உதவப்போவது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அந்த அறையில் உங்களை அறிந்துகொண்ட ஒருவரின் சிபாரிசுக் கடிதம்தான்.

பாடப்புத்தகம் விலை அதிகம் என்பது மட்டும் முழு உண்மை. ஆனால் நூலகத்தில் 'கோர்ஸ் ரிசர்வ்' என்று ஒரு மேசை இருக்கும். கேட்டால் அதே புத்தகத்தை இரண்டு மணி நேரத்துக்குத் தருவார்கள், காசு இல்லாமல்.

நூலகம் என்றதும் ஒரு சின்ன விலகல். சிகாகோ போன்ற பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் தமிழ் நூல்கள் வரிசை வரிசையாக இருக்கும். அவை அங்கே போய்ச் சேர்ந்ததில் கோதுமைக்குப் பங்கு உண்டு. பிஎல்-480 திட்டத்தில் வந்த அமெரிக்கத் தானியத்துக்கு இந்தியா ரூபாயில் பணம் கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இங்கு அச்சான நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். இங்கே தேடிக் கிடைக்காத தமிழ்ப் புத்தகம் எதையாவது அங்கே ஒரு மாலையில் எடுத்துப் படித்துவிடலாம். இதற்கு கிரெடிட் கிடையாது.

"நியூயார்க், கலிஃபோர்னியா எல்லாம் பார்த்துடலாம்"

உங்கள் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா-ஷாம்பெய்னைச் சுற்றிச் சோளமும் சோயாவும்தான். சிகாகோ இரண்டரை மணி நேரப் பயணம். கார்னெல் நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கிறது, நியூயார்க் நகரத்துக்குப் பேருந்தில் நாலைந்து மணி நேரம். குளிரும் அப்படித்தான். அரிசோனாவின் டெம்பிக்கு ஆகஸ்டில் போகிறவர் பெட்டி நிறைய ஸ்வெட்டரோடு இறங்கினால், வேலூர் வெயில் தோற்றுப்போகும் வெயில் வரவேற்கும்.

"லீவு விட்டால் ஹாஸ்டலில் இருந்துக்கலாம்"

நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங். அமெரிக்கப் பிள்ளைகள் செவ்வாய் மாலையே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பல விடுதிகளில் அந்த வாரம் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டுவார்கள்: புதன் காலை பூட்டப்படும், ஞாயிறு திறக்கப்படும், தங்குகிறவர் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாதவரின் அட்டை கதவைத் திறக்காது. பதிவு செய்தவருக்கும் டைனிங் ஹால் மூடியிருக்கும். மீல் பிளானில் பணம் இருந்தும் சாப்பாடு கிடையாது. கடைகளும் வியாழனன்று பெரும்பாலும் அடைப்பு. விண்ணப்பப் படிவத்திலேயே 'விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதி' என்று ஒரு தேர்வு இருக்கும். ஜூலையில் அதைக் கவனிக்காதவர் நவம்பரில் யார் வீட்டு சோபாவிலாவது படுக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வரி: மகள் மார்க் என்ன என்று பல்கலைக்கழகத்துக்கு போன் போடாதீர்கள். 1974-ன் ஃபெர்பா சட்டப்படி கல்லூரி மாணவரின் பதிவேடு அவருக்கே உரியது. அவர் சம்மதம் இல்லாமல் உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள்.

"கிரெடிட் தானா ட்ரான்ஸ்ஃபர் ஆகிடும்"

விசாவுக்கு ஆயிரம் பேர் ஆலோசனை சொல்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர் உண்மையில் அடிபடுவது இங்கே, அதுவும் அமெரிக்காவில் அல்ல, சொந்தக் கல்லூரியில். இது அண்ணனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அவர் இங்கே டிகிரியை முடித்துவிட்டுத்தான் போனார்.

கணக்கைப் பாருங்கள். அங்கே முழுநேர இளநிலை மாணவராக இருக்கக் குறைந்தது 12 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் வீதம் நான்கு பாடம். இங்கே ஒரு செமஸ்டரில் லேப் எல்லாம் சேர்த்து இருபதுக்கும் மேல். நான்கு பாடம் எட்டுத் தாளுக்கு எப்படி ஈடாகும்? அதை முடிவு செய்வது உங்கள் ஹெச்ஓடியும் போர்டு ஆஃப் ஸ்டடீஸும். கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டும். நான்கு பாடத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்கினால் போதாது; அங்கே போய்ச் சேரும்போது இரண்டில் இடம் நிரம்பியிருக்கும், மூன்றாவதற்கு முன்தகுதிப் பாடம் கேட்பார்கள். எட்டுப் பாடத்துக்கு வாங்கி வையுங்கள். முதல் வாரத்தில் பாடத்தை மாற்றினால் அன்றைக்கே இங்கே மின்னஞ்சல் அனுப்பி, பதில் வரும்வரை விடாதீர்கள். அங்கே இணையே இல்லாத லேப் தாளைத் திரும்பி வந்து செய்ய வேண்டியிருக்கும். எந்த செமஸ்டரில், யாரோடு என்பதையும் முன்பே கேளுங்கள். கிரேடு சிஜிபிஏவில் சேருமா, வெறும் 'பாஸ்' என்று மட்டும் ஏறுமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் துறையிலிருந்து கடிதம் போகாவிட்டால் கணினி தன் போக்கில் 'ஆப்சென்ட்' என்று அச்சடித்துவிடும். மார்க் ஷீட்டில் அது அரியர். 'ஸ்டாண்டிங் அரியர் கூடாது' என்று வடிகட்டும் நிறுவனத்திடம் நீங்கள் அந்த நேரம் அமெரிக்காவில் ஏ வாங்கிக்கொண்டிருந்த கதையைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காது. ப்ளேஸ்மென்ட் தொடங்கும் ஏழாம் செமஸ்டரில் போவதே வம்பு என்பது என் அபிப்பிராயம். ஆறாம் செமஸ்டர் அவர்களுடைய ஜனவரி–மே செமஸ்டரோடு ஓரளவு பொருந்திப் போகும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் பாதி வரை ஓடும் அவர்களின் ஃபால் நம் நாட்காட்டியில் எதோடும் ஒட்டாது.

அங்கிருந்து கிளம்பும் வாரத்தில் மூன்று வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். இணையவழி வகுப்புத் தளத்தில் உங்கள் நுழைவு பின்னால் அடைபடலாம், இங்கே இணைத்தன்மை பார்ப்பவர் கேட்பது அதைத்தான். மாணவர் கணக்கில் நூலக அபராதம், அறைச் சாவி என்று பாக்கி ஏதும் இல்லாமல் பாருங்கள். சில இடங்களில் சில டாலர் பாக்கிக்கே ட்ரான்ஸ்கிரிப்ட்டை நிறுத்தி வைப்பார்கள். ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 'மதிப்பெண் ஏறிய பிறகு அனுப்பு' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் பாடப் பெயர்களும் வெற்று கிரேடுகளுமாக ஒரு தாள் உங்கள் கல்லூரிக்கு வந்து சேரும். சரியானதைக் கேட்டு வாங்கலாமென்றால் டிசம்பர் கடைசி வாரத்தில் அந்த அலுவலகங்கள் பூட்டியிருக்கும், இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும்.