தொடக்கப் பள்ளியை மதிப்பிடுவது எவ்வாறு?

ஊர்ப் பள்ளிக்கூடம் எவ்வாறு நடைபெறுகிறது என்று பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரை வினவினால், பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியே விடை கிடைக்கும். சுற்றுச்சுவர் எழுப்பியாயிற்று, கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் போட்டாயிற்று, சமையற்கூடத்திற்கு ஓடு மாற்ற வேண்டும் என்பார். வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கு வரும் மனுக்களும் இவ்வகையினவே. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று எழுதிய மனுவை நான் கண்டது மிக அரிது. சிறுபாலம் ஒன்று கட்டினால் அதன் நீள அகலத்தை அளந்து பார்த்த பின்னரே பணம் வழங்குகிறோம். கற்பித்தலை மட்டும், அது வாத்தியார் காரியம் என்று அளவாமல் விட்டுவிடுகிறோம்.

அளப்பதற்கு ஊராருக்கு உரிமை உண்டா எனச் சிலர் ஐயுறலாம். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணிப்பதே அக்குழுவின் முதற் பணியாகச் சட்டம் கூறுகிறது. மதிய உணவைச் சுவைத்துப் பார்த்துக் கையொப்பமிடுவதோடு அப்பணி முடிந்துவிடுவதில்லை. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் கல்வித் துறையைச் சார்ந்தவை. அவற்றில் ஊரார் தலையிடுதல் முறையன்று.

முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் பாடமும் குறைந்த அளவு என அச்சட்டம் விதித்துள்ளது. அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணியில் பிள்ளை எதைப் பெற்றுக்கொண்டது என்பதே கேள்வி.

இதை அறியப் பெரிய படிப்பு எதுவும் வேண்டுவதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும், ஆசிரியர் பொறுக்கித் தரும் நால்வரை மட்டுமல்ல, ஒவ்வொருவராக மரத்தடியில் அமர்த்தி வாசிக்கச் சொல்லலாம். பாடநூலைக் கொடுத்தல் கூடாது. பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும்; விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் போய்க்கொண்டிருக்கும். அது வரையில் கண்டிராத எளிய கதை ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதை வாசிக்க இயலாவிட்டால் நான்கைந்து எளிய வாக்கியங்கள், அதுவும் இயலாவிட்டால் தனிச் சொற்கள், பின்னர் எழுத்துகள் என்று படிப்படியாக இறங்கிப் பார்த்தால், பிள்ளை நிற்கும் படி தெரிந்துவிடும். 2005 முதல் பிரதம் என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் நாட்டின் கிராமங்களில் நடைபெற்றுவரும் ‘அசர்’ ஆய்வு இம்முறையைத்தான் பின்பற்றுகிறது. வாசித்து முடித்தபின், கதையில் என்ன நடந்தது என்று கேட்க மறத்தலாகாது.

கணக்கிற்கு ஒரே ஒரு கேள்வி போதும். 52 ரூபாயில் 38 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? 14 என்பது விடை. 26 என்று எழுதும் பிள்ளைகள் பலர் இருப்பர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். 2-இலிருந்து 8 போகாதென்பதால் 8-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டனர். பத்தைக் கடன் வாங்குவது அவர்களுக்குப் புரியும்படி விளக்கப்படவில்லை. வகுப்பில் ஒருவர் இவ்வாறு எழுதினால் அது பிள்ளையின் தவறு. பாதிப் பேர் எழுதினால் கற்பித்தலில் குறையிருக்கிறது.

ஆயினும் ஒரு முறை அளந்து தீர்ப்புக் கூறுவது பெருந்தவறு. வண்டல் நிலத்தில் விளைந்த மூட்டைகளையும் மேட்டுக்காட்டில் விளைந்த மூட்டைகளையும் ஒரே கணக்கில் வைத்து உழவரின் திறமையைக் கூற இயலுமா? செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு சென்று பல மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியின் தொடக்கம் தாழ்ந்துதான் இருக்கும். சூன் மாதத்தில் ஒரு முறையும் சனவரியில் ஒரு முறையும் பார்த்து, இடையில் எத்தனை பேர் ஒரு படியேனும் ஏறினர் என்று கணக்கிடுவதே நேர்மையானது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பித்தனர். எந்த நிலையில் எத்தனை பேர், சென்ற பருவத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், தம் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர் பதிவேட்டைப் புரட்டாமலே விடை கூறுவார்.

பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களும் உண்மை பேசும். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியங்கள் பிழையின்றி இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியவை என்று கொள்ளலாம். பிழையிருந்து, சிவப்பு மையால் திருத்தப்பட்டு, அடுத்த வாரம் அதே சொல் சரியாக எழுதப்பட்டிருந்தால் அங்கே கற்பித்தல் நடந்திருக்கிறது. வகுப்பில் இரைச்சல் கேட்கிறதென்று குறை கூறுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம்: 60 பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்துகையில், ஒரு குழு வாசிக்கும், மற்றொன்று விதைகளை எண்ணும். ஓசையற்ற வகுப்பே அங்கு ஐயத்திற்குரியது.

இனித் தலைமையைப் பற்றி. நான் பணிபுரிந்த ஓர் ஒன்றியத்தில் சாலையோரப் பள்ளி ஒன்று வண்ணச் சுவரும் பரிசுக் கோப்பைகளுமாக விளங்கியது. அதன் தலைமையாசிரியர் எந்த விழாவிலும் முன்வரிசையில் இருப்பார். வகுப்பில் காண்பது அரிது. அடுத்த ஊரில் ஒழுகும் கூரையின் கீழ் இருந்த அம்மையார், முதல் வகுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். காலை பத்து மணிக்குள் வராத பிள்ளைகளின் பெயரைக் குறித்து, அக்காள் தங்கையரிடம் விசாரித்து, களையெடுக்கச் சென்றிருக்கும் தாய்க்குச் சொல்லியனுப்புவார். உடன் பணிபுரியும் இளம் ஆசிரியையின் வகுப்பில் வாரத்திற்கு ஒரு முறை பின்வரிசையில் அமர்ந்து கேட்பார். அவர் விடுப்பில் சென்ற நாளிலும் பள்ளி வழக்கம்போல் நடந்தது. தலைமையாசிரியர் இல்லாத நாளில் சென்று பார்ப்பதே தலைமையை அளக்கச் சிறந்த வழி என்பது என் கருத்து. அவரை அடிக்கடி விழாவிற்கும் வரவேற்பிற்கும் அழைத்துப் பாட நேரத்தைப் பறிப்போருள் பஞ்சாயத்தாரும் உண்டு.

அங்கத்தினர்களே தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளியின் வேனில் ஏற்றிவிட்டு மேலாண்மைக் குழுவில் அமர்வதையும் காண்கிறோம். அது அவரவர் விருப்பம். ஆனால் 61 பிள்ளைகள் இருந்தால் 3 ஆசிரியர். ஒருவர் குறைந்து 60 ஆனால் 2 ஆசிரியரே என்பது சட்டத்தின் அளவு. கற்பித்தல் தளர்ந்து சிலர் விலகினால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் மேலும் சிலர் விலகுவர். இறுதியில் எஞ்சுவோர், வேனுக்குப் பணம் கட்ட இயலாத கூலிக்காரரின் பிள்ளைகள்.

குறை கண்டால், பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைக் கேள்வி கேட்டல் ஒருபோதும் கூடாது. முதலில் தலைமையாசிரியரிடம் தனியே பேசுக. காலியிடம் நிரம்பாவிடில் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புக. கூரை ஒழுகினால் எங்கள் அலுவலகத்திற்கு வருக. வாசிப்புச் சோதனையின் எண்ணிக்கைகளைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். பிள்ளைகளின் பெயர்களை அதில் எழுத வேண்டா. பெயர்ப் பட்டியல் ஆசிரியரின் கையில் மட்டும் இருக்கட்டும். சனவரியில் அதை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் அதே மரத்தடியில் உட்காரலாம்.